வராது என்பதும் இன்னும் வரவில்லை என்பதும்

சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கேட் ஓரமாக நின்றால் இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது: "இவளுக்குக் கணக்கு வராது டீச்சர். எனக்கும் வராது." அந்த அம்மா அதைக் குறையாகக்கூடச் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சுருட்டை முடி என்பதைப் போலச் சொல்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஏழு வயதுப் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு 20 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். இந்தக் காலத்தில் 'வளர்ச்சி மனப்பான்மை' என்ற சொல் எங்கே திரும்பினாலும் கேட்கிறது. ஆசிரியர் பயிற்சியில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பள்ளி விளம்பரத் தட்டியில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அதை 'முயன்றால் எதுவும் முடியும்' என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் தவறு. தவறு என்பதோடு விடாமல் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிறது. அதனால்தான் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கல்வியியல் படித்திருக்க வேண்டியதில்லை, வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால் போதும்.

குரங்குப் பெடல்

சைக்கிளிலிருந்து தொடங்கலாம், அதைப் பற்றி நம் எல்லாருக்கும் தெளிவு இருக்கிறது. சீட்டுக்குக் கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் நாளே முட்டி தேய்ந்து வீட்டுக்கு வந்தால் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவார், கூடவே திட்டுவார். ஆனால் "இவனுக்கு சைக்கிள் வராது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விழுந்து எழுந்துதான் பழக முடியும் என்று தெருவுக்கே தெரியும், விழுந்தவனுக்கும் தெரியும். அதனால் மறுநாள் மறுபடி ஏறினான். ஏறும்போது 'நேத்து கீழேயே பார்த்துக்கிட்டு ஓட்டினேன், அதான் விழுந்தேன்' என்ற ஞாபகமும் இருந்தது.

அதே பையன் வகுப்பில் கழித்தல் கணக்கில் தடுக்குகிறான். இங்கே அதே தெரு வேறு மாதிரி பேசுகிறது. இரண்டு பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் 'கணக்குல வீக்' என்று பெயர் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் கணக்கு நோட்டைத் திறக்கும்போது நேற்று எங்கே தடுக்கினோம் என்பது அவனுக்கு ஞாபகம் வருவதில்லை, தன் பெயர்தான் ஞாபகம் வருகிறது.

ஒரே பையன், ஒரே மூளை. சைக்கிளில் விழுந்ததற்கு ஒரு அர்த்தம், கணக்கில் விழுந்ததற்கு வேறு அர்த்தம். இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது இந்த அர்த்தத்தைப் பற்றித்தான்.

பெயர் வைத்துக்கொள்வோம்

அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 1970களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். ஆரம்பத்தில் அவர் கவனித்தது எளிமையான ஒரு விஷயம். சுலபமான புதிர்களில் ஒரே மாதிரி விடை சொல்லும் குழந்தைகள், புதிர் கடினமானதும் இரண்டு திசையில் பிரிந்து போகிறார்கள். சிலர் "எனக்கு ஞாபக சக்தியே கிடையாது" என்று தன்னையே குறை சொல்லத் தொடங்கி, ஏற்கெனவே தெரிந்த முறையையும் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் இன்னும் நிதானமாகி, தனக்குத்தானே வழி சொல்லிக்கொண்டு தொடர்கிறார்கள். திறமையில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்த்தான் அவர் மனப்பான்மை என்ற கருத்துக்கு வந்தார். மனப்பான்மை என்றால், தன் திறமை எப்படிப்பட்டது என்று ஒருவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கை. திறமை பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது, அதைக் காட்டத்தான் முடியும், மாற்ற முடியாது என்று நம்பினால் அது நிலைத்த மனப்பான்மை. நல்ல வழிமுறை, பிறர் உதவி, பயிற்சி இவற்றால் திறமை கூடும் என்று நம்பினால் அது வளர்ச்சி மனப்பான்மை.

நம் ஊரில் இரண்டுக்குமே பழமொழி தயாராக இருக்கிறது. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது ஒரு பக்கம், 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பது மறுபக்கம். காலையில் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் மற்றதைச் சொல்வோம். மனப்பான்மையும் அப்படித்தான். உலகத்தில் இரண்டு ஜாதி மனிதர்கள் இல்லை. ஓவியத்தில் தைரியமாக இருக்கும் பிள்ளை வாசிப்பில் சுருண்டுகொள்ளும். 'என் பையன் நிலைத்த மனப்பான்மைக்காரன்' என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போதே அவர் பையன் மேல் இன்னொரு முத்திரை விழுந்துவிட்டது.

இங்கே நம் மொழியில் இருக்கும் ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். 'வராது' என்றால் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் இல்லை. 'வரவில்லை' என்றால் இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறோம். அதன் முன்னால் 'இன்னும்' சேர்த்துவிட்டால் கதவு திறந்தே இருக்கிறது. கேட்டில் நிற்கும் அம்மாவிடம் நான் வேறு எதையும் விளக்குவதில்லை. "வராதுன்னு சொல்லாதீங்கம்மா, இன்னும் வரலைன்னு சொல்லுங்க. அவ கேட்டுக்கிட்டு நிக்கிறா" என்பேன்.

சின்னப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு

பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்து எழுதியதை அப்படியே எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பொருத்துவதில்தான் முதல் குழப்பம் வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் "யார் புத்திசாலி?" என்று கேட்டுப் பாருங்கள். கஷ்டப்பட்டுச் செய்கிறவரைத்தான் பெரும்பாலும் காட்டும். முயற்சியும் அறிவும் அந்த வயதில் ஒரே மூட்டைதான். ஜான் நிக்கோல்ஸ் என்ற ஆய்வாளர் 1978இல் இதைப் படிப்படியாகக் காட்டினார். 'குறைந்த முயற்சியில் செய்கிறவன்தான் அதிகத் திறமைசாலி' என்ற பெரியவர்களின் கணக்கு, குழந்தைகளுக்குத் தெளிவாகப் பிடிபடுவதே பத்துப் பன்னிரண்டு வயதை ஒட்டித்தான்.

அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லையா? அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள். டுவெக்கும் அவருடைய சகாக்களும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் பொம்மைகளை வைத்துக் கதை நடத்திப் பார்த்தார்கள். கதையில் ஒரு பிள்ளை ஆசையாக ஒரு வேலையைச் செய்கிறது, அதில் சின்னக் குறை இருக்கிறது, டீச்சர் பொம்மை அதைக் குறை சொல்கிறது. 1992இல் வெளிவந்த அந்த ஆய்வில், கணிசமான பிள்ளைகள் சட்டென்று முகம் வாடினார்கள். முதலில் 'நல்லா இருக்கு' என்று சொன்ன அதே வேலையை இப்போது மட்டமாக மதித்தார்கள். அவர்களில் பலர் அந்தத் தவறை அறிவோடு முடிச்சுப் போடவில்லை, நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்பதோடு முடிச்சுப் போட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் 'தப்பு' என்ற சொல் ஞாபகம் வந்தது. திருடுவது தப்பு, பொய் சொல்வது தப்பு, பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது தப்பு. ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எழுதினால் அதுவும் தப்பு. நமக்கு இவை வேறு வேறு என்று தெரியும். ஐந்து வயதுக் காதுக்கு ஒரே சொல் கேட்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்ட நோட்டை ஒரு பிள்ளை ஏன் பையின் அடியில் ஒளித்து வைக்கிறது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. திருடிய பென்சிலையும் அது அங்கேதான் ஒளிக்கும். அப்போதிலிருந்து வகுப்பில் 'தப்பு' என்பதைக் குறைத்துக்கொண்டு, "இந்த இடத்துல ஒண்ணு மாறிப்போச்சு பாரு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்ல நான்கு விநாடி கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதில் இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திறமையைப் பற்றிய உள் நம்பிக்கைதான் மனப்பான்மை, அது பாடத்துக்குப் பாடம் மாறும். சின்ன வயதில் அந்த நம்பிக்கை 'நான் அறிவாளியா?' என்ற கேள்வியாக இன்னும் உருவாகவில்லை, 'நான் நல்ல பிள்ளையா, டீச்சருக்கு என்னைப் பிடிக்குமா?' என்ற கேள்வியாக இருக்கிறது.

பாராட்டு எப்படி வேலை செய்கிறது

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு 1998இல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் செய்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் எல்லாரிடமும் 'நன்றாகச் செய்திருக்கிறாய்' என்றார்கள். அதோடு ஒரு பகுதியினரிடம் 'நீ புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினரிடம் 'நீ நன்றாக உழைத்திருக்க வேண்டும்' என்று சேர்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான்.

அடுத்து எந்த மாதிரி புதிர் வேண்டும் என்று கேட்டார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர், கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள புதிரைக் கேட்டார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், தங்களைக் கெட்டிக்காரராகக் காட்டும் புதிரைக் கேட்டார்கள். பிறகு வேண்டுமென்றே மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லாரையும் தடுமாறவிட்டு, மறுபடி முதலில் கொடுத்த அளவுக்குச் சுலபமானதைக் கொடுத்தார்கள். உழைப்புக் குழு முன்பைவிட நன்றாகச் செய்தது, புத்திசாலிக் குழு முன்பைவிடக் குறைவாகச் செய்தது. கடைசியில், வேறொரு பள்ளிப் பிள்ளைக்குப் பெயர் போடாமல் உங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்புங்கள் என்றபோது, புத்திசாலிக் குழுவில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள்.

இந்தக் கடைசித் தகவல் என்னை ரொம்ப நாள் விடவில்லை. பெயரே போடாத ஒரு தாள், யாரென்றே தெரியாத ஒரு பிள்ளை. அங்கேயும் பொய் சொல்ல வைக்கிறது அந்தப் பாராட்டு.

ஏன் இப்படி நடக்கிறது? 'சரியாகச் செய்தாய், ஆகவே நீ புத்திசாலி' என்று நாம் சொல்லும்போது ஒரு கணக்குச் சூத்திரத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அதைத் தலைகீழாகப் போடும்: சரியாகச் செய்யவில்லை, ஆகவே நான் புத்திசாலி இல்லை. நாம் சொல்லாத இந்தப் பாதியைப் பிள்ளை தானாகவே எழுதிக்கொள்கிறது.

நான்கு வயதுப் பிள்ளைகளிடமும் இதை 2007இல் பார்த்தார்கள். கைப்பாவைகளை வைத்து, படம் வரைந்ததற்கு ஒரு சாராரிடம் 'நீ நல்லா வரையற பிள்ளை' என்றும், இன்னொரு சாராரிடம் 'நீ நல்லா வரைஞ்சே' என்றும் பாராட்டினார்கள். வித்தியாசம் ஒரு நூல் அளவுதான். அடுத்த கதையில் படத்தில் ஒரு குறை வந்ததும், 'வரையற பிள்ளை' என்ற பெயரைப் பெற்றவர்கள்தான் அதிகம் வாடினார்கள், விட்டுவிடவும் பார்த்தார்கள். வாங்கிய பெயர் போய்விடுமே என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. மற்றவர்களிடம் பெயரே இல்லை, ஒரு படம்தான் இருந்தது. இன்னொரு படம் வரைந்தால் முடிந்தது.

சரி, அப்படியானால் 'சமத்து' என்று கொஞ்சவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொஞ்சுங்கள். வந்து மடியில் உட்கார்ந்ததற்காக, சும்மா உங்கள் பிள்ளை என்பதற்காகக் கொஞ்சுங்கள். பாடத்தில் சரியாகச் செய்த நிமிடத்தில் மட்டும் 'நீ என்ன மாதிரி ஆள்' என்பதை விட்டு 'நீ என்ன செய்தாய்' என்பதைப் பேசுங்கள். "முதல்ல கொம்பைத் திருப்பிப் போட்டே, அப்புறம் நீயே பார்த்து மாத்திட்டே" என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பயன்படும் ஒரு வழி கையில் இருக்கிறது.

52 கழித்தல் 27

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். இரண்டாம் வகுப்பு. கரும்பலகையில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில், கேட்டில் நின்ற அந்தப் பெண். 35 என்று எழுதுகிறாள்.

இது கவனக்குறைவு இல்லை. கீழே ஏழு, மேலே இரண்டு. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஐந்து என்று போடுகிறாள். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. தனக்குத் தெரிந்த ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் 35க்கு வந்திருக்கிறாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டில் 25 இருப்பதைப் பார்க்கிறாள். உடனே ரப்பரை எடுத்துத் தேய்க்கிறாள். தாள் கருத்து, நூலாகி, கிழிகிறது. கிழிந்த இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்கிறாள். நான் வரிசைக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கப் போகணும் டீச்சர் என்கிறாள்.

மனப்பான்மை என்று நாம் இவ்வளவு நேரம் பேசியது இந்த உள்ளங்கையில் இருக்கிறது. கடினம் வந்தது. அதற்கு அவள் ஒரு அர்த்தம் கொடுத்தாள்: அம்மா சொன்னது சரிதான், எனக்கு வராது. அந்த அர்த்தம் அடுத்த செயலைத் தீர்மானித்தது: மறை, அழி, எழுந்து போ. அந்தச் செயல், எது அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்குமோ அந்தத் தடயத்தையே அழித்துவிட்டது. 35 அங்கே இருந்திருந்தால் அவள் எப்படி யோசித்தாள் என்று அவளும் நானும் சேர்ந்து பார்த்திருக்கலாம்.

கடினம், அர்த்தம், செயல், கற்றல். மனப்பான்மை வேலை செய்யும் சங்கிலி இவ்வளவுதான். இதில் மந்திரம் எதுவும் கிடையாது. 'என்னால் முடியும்' என்று நினைத்ததால் கணக்கு வந்துவிடாது. அப்படி நினைக்கும் பிள்ளை கணக்கோடு கூடுதலாக ஐந்து நிமிடம் இருக்கும், உதவி கேட்கும், தவறைத் திறந்து பார்க்கும். அந்த ஐந்து நிமிடத்தில் நல்ல உதவி கிடைத்தால்தான் கணக்கு வரும். உதவி கிடைக்காவிட்டால், எவ்வளவு உயர்ந்த மனப்பான்மையும் ஒரு வாரத்தில் வற்றிப்போகும்.

ஆகவே நான் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வந்ததும் குச்சிகளைக் கொடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, தனிக்குச்சி இரண்டு. "இதுலேர்ந்து எனக்கு 27 குச்சி குடு பார்ப்போம்." இரண்டு கட்டை எடுத்து வைத்தாள். தனியாக ஏழு வேண்டும், கையில் இருப்பது இரண்டு. குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருப்பதுதான் ஆசிரியர் வேலையிலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்றாள்.

எவ்வளவு கடினம் சரியான கடினம்?

'சவால் கொடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது போதாது. 52இல் தடுமாறுகிற பிள்ளைக்கு மூன்று இலக்கக் கழித்தலைக் கொடுத்தால் அது சவால் இல்லை, சுவர். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, 1934இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில், இதற்கு ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தார். பிள்ளை தனியாகச் செய்துவிடுவது ஒரு பகுதி. யார் உதவினாலும் இப்போதைக்கு எட்டாதது இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவில், யாராவது கைகொடுத்தால் முடிகிற பகுதி ஒன்று இருக்கிறது. கற்றல் நடப்பது அங்கேதான்.

அந்தக் கைகொடுத்தலுக்கு 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் சாரம் என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் கட்டும்போது கொத்தனார் நிற்பதற்காகக் கட்டுவோமே, அதே சாரம்தான். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைச் சேர்த்து ஒரு பிரமிடு செய்வதற்கு ஒருவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்து அந்தப் பெயருக்கு வந்தார்கள். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் விட்ட சாரத்தோடு யாரும் கிரகப்பிரவேசம் செய்வதில்லை.

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் தாத்தா பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார். அந்தப் பிடி அழகானது, அன்றைக்கு அது வேண்டும். ஆனால் ஒன்றாம் வகுப்பு முடியும்போதும் அம்மா கையைப் பிடித்தே வீட்டுப்பாடம் எழுத வைத்தால் கதை வேறு. 2021இல் ஜூலியா லியனார்டு குழுவினர் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். கடினமான புதிரோடு பிள்ளை மல்லாடும்போது பெரியவர் அதைத் தன் கையில் வாங்கி முடித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த கடினமான வேலையைப் பிள்ளை சீக்கிரமே கைவிட்டது. நாம் வாங்கி முடித்துக் கொடுப்பது அன்பினால்தான். பிள்ளை அதை 'உன்னால் ஆகாது' என்று படித்துக்கொள்கிறது.

அதே லியனார்டு 2017இல் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. 15 மாதக் குழந்தைகள். பெரியவர் ஒருவர் ஒரு டப்பாவிலிருந்து பொம்மையை எடுக்கத் திணறித் திணறிக் கடைசியில் எடுக்கிறார். அதைப் பார்த்த குழந்தைகள், பிறகு தங்கள் கையில் கொடுத்த பாட்டுப் பொம்மையின் பொத்தானை, சுலபமாக எடுத்ததைப் பார்த்த குழந்தைகளைவிட அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள். பேச்சு சரியாக வராத வயது அது. ஆகவே பூட்டுச் சாவி சிக்கிக்கொண்டால், தேங்காய் உடையாமல் வம்பு பண்ணினால், பிள்ளை எதிரில் கொஞ்சம் திணறுங்கள், "இது வரமாட்டேங்குதே, வேற மாதிரி பண்ணிப் பார்க்கலாமா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கும் ஒரு மனப்பான்மை உண்டு

1970களின் இறுதியில் ஜேம்ஸ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் ஜப்பானில் ஒரு நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கனசதுரம் வரையும் பாடம். வரைய வராமல் தடுமாறிய ஒரு பையனைத்தான் ஆசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். நம் ஊரில் நன்றாகச் செய்தவனைத்தான் கூப்பிடுவோம். பையன் வரைந்தான், சரியாக வரவில்லை. ஆசிரியர் வகுப்பைப் பார்த்து, சரியா என்று கேட்டார். இல்லை என்றார்கள். மறுபடி வரைந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஸ்டிக்லருக்குத்தான் வேர்த்ததாம், பையன் எப்போது அழுவானோ என்று. பையன் அழவில்லை. பாடவேளை முடிவதற்குள் வரைந்துவிட்டான், வகுப்பு கைதட்டியது.

இதை நாளைக்கே நம் வகுப்பில் செய்து பார்க்காதீர்கள். கரும்பலகைக்குக் கூப்பிடுவதே தண்டனை என்று பழகிய பிள்ளைகளுக்கு அது தண்டனையாகவே இருக்கும். அந்தப் பையன் அழாததற்குக் காரணம் அவன் தலைக்குள் இருந்ததைவிட, பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம்தான் அதிகம் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். அவரவர்க்கு எட்டும் தூரத்தில் பாடம் வைப்பதற்கு நல்ல ஏற்பாடு. பெயர்களே வளர்ச்சியைச் சொல்கின்றன, அரும்பு மலராகத்தான் போகிறது. ஆனால் வராந்தாவில் நடந்து போகும்போது "அவன் அரும்புப் பையன்" என்று பிள்ளைகளே பேசிக்கொள்வது காதில் விழும். அந்த இடத்தில் அழகான ஒரு பெயர் முத்திரையாகிறது. "இந்தப் பாடத்துல இப்போ அரும்புல இருக்கான்" என்று நாம் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்லத்தான் வேண்டும்.

எதை எதிர்பார்க்கக் கூடாது

பெரிய வாக்குறுதிகளை நம்பாதீர்கள். 2018இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வளர்ச்சி மனப்பான்மையை ஊட்டும் பயிற்சிகளின் சராசரிப் பலன் மிகச் சிறியதாகவே இருந்தது. இங்கிலாந்தில் 101 பள்ளிகளில் ஆறாம் ஆண்டு (பத்துப் பதினொரு வயது) மாணவர்களுக்குப் பாடத்திட்டம் போட்டு மனப்பான்மையைக் கற்பித்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தபோது எழுத்தறிவிலும் கணக்கிலும் கூடுதல் முன்னேற்றம் இல்லை. அதே 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்த ஆய்வு வந்தது. அதில் மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்குச் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. கடினமானதைத் தேடிச் செய்வது அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடையே மதிப்பாக இருந்த இடங்களில் பலன் நிலைத்தது.

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பிள்ளையின் காதில் ஒரு சேதியைச் சொல்லிவிட்டு, சுற்றியுள்ள எல்லாவற்றையும் பழையபடியே விட்டால் சேதி நிற்காது.

டுவெக்கே பிற்பாடு எச்சரித்த தவறு ஒன்று உண்டு. தப்பும் தவறுமாக எழுதிய பிள்ளையிடம் "பரவாயில்லை, நல்லா முயற்சி பண்ணினே" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுப்பது. அது ஆறுதல் பரிசு. ஒரே வழியில் இருபது தரம் முட்டிய பிள்ளைக்கு இருபத்தொன்றாவது முட்டல் தேவையில்லை, வேறு வழி தேவை.

இன்னொன்றை இதைவிடக் கவலையோடு சொல்கிறேன். 'முயற்சி போதவில்லை' என்பதை நாம் பிள்ளை மேல் பழியாகப் போட்டுவிடுகிறோம். என் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டான். சோம்பேறி என்று நானே ஒரு பருவம் முழுக்க நினைத்திருந்தேன். கண் பரிசோதனை முகாமில் பார்த்தால் பலகையில் இருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. கண்ணாடி போட்ட மறுநாள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, பலகையில் இருந்த தேதியைக்கூட விடாமல் எழுதினான். அவனிடம் மனப்பான்மை பற்றி நான் பேசியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம். பசி, தூக்கம், காது, கண், வீட்டுச் சண்டை இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் மனப்பான்மைக்கு வர வேண்டும்.

வீட்டில் என்ன பேசலாம்

நீண்ட பட்டியல் தேவைப்படாது. 2013இல் வந்த ஒரு ஆய்வு, 53 குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் மூன்று வயது நடக்கும்போது பெற்றோர் சாதாரணமாகப் பேசுவதைப் பதிவு செய்தது. பாராட்டில் பிள்ளையின் செயலைச் சொல்லும் பங்கு அதிகமாக இருந்த வீட்டுப் பிள்ளைகள், ஏழெட்டு வயதில் கடினமானதை அதிகம் விரும்பினார்கள். தனியாக வகுப்பெடுத்து வந்தது இல்லை, அன்றாடப் பேச்சிலேயே வந்தது.

அதனால் பள்ளி விட்டு வந்ததும் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன்னால் "இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். தவறான விடையைப் பார்த்தால் "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லிக் குடு" என்று உட்காருங்கள். ரப்பரை மட்டும் கொஞ்சம் எட்ட வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் 61இலிருந்து 38ஐக் கழிக்கக் கொடுத்தேன். பழைய பழக்கத்தில் 37 என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டின் ஓரத்தில் ஆறு கட்டும் ஒரு குச்சியும் படம் போட்டு, ஒரு கட்டின் மேல் மட்டும் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் பத்துக் குச்சிகளைத் தனித்தனியாக வரைந்தாள். 37 அப்படியே இருந்தது. அதற்குக் கீழே 23 என்று எழுதி, நான் கூப்பிடுவதற்கு முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.